சாம்பலில் ஆறின தகடு

குருநகரில் கிறகோரியின் கைக்கு நல்ல பேர் இருந்தது, வாய்க்கு இல்லை. வாயைத் திறந்தால் யாரையாவது நோகடித்துவிட்டுத்தான் மூடுவார். ஆனாலும் கரையோரத்து ஆட்கள் வெடித்த இஞ்சினைத் தூக்கிக்கொண்டு அவருடைய பட்டறைக்குத்தான் வந்தார்கள். ஏச்சு வாங்கிக்கொண்டு வாசலில் காத்து நின்றார்கள். ஒட்டின இடம் திரும்ப வெடிக்காது என்றால் மனிதர்கள் எந்த ஏச்சையும் பொறுத்துக்கொள்வார்கள்.

அந்தப் பேர் அவருக்குச் சண்டை நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் வந்தது. வெளியிலிருந்து ஒரு ஆணிகூட வராத காலம். வள்ளத்து இஞ்சினின் வார்ப்புக் கூடு வெடித்தால் புதிது வாங்க வழியில்லை. ஒட்டவும் ஒருவருக்கும் தெரியாது. வார்ப்பிரும்பு பொல்லாத சாமான். சூடு ஏறும்போதும் வெடிக்கும், ஆறும்போதும் வெடிக்கும். கிறகோரி சில பேருடைய இஞ்சினை நாசமாக்கிய பிறகுதான் வழி பிடிபட்டது. சிரட்டைக் கரி மூட்டி முழு வார்ப்பையும் சிவக்கக் காய்ச்சுவார். அந்தச் சூட்டோடு ஒட்டுவார். ஒட்டி முடிந்த கையோடு, காற்றுப் படவிடாமல், நெல் ஆலையிலிருந்து சாக்குச் சாக்காகக் கொண்டுவந்த உமிச் சாம்பல் நிரப்பின கிடங்குக் குழிக்குள் அதைத் தாட்டு மூடிவிடுவார். விடியும்வரை ஒருவரும் கிண்டிப் பார்க்கக் கூடாது. இரும்பு தன்பாட்டில் மெல்ல மெல்ல ஆறவேண்டும்.

பச்சைப்பிள்ளையைக் கிடத்துகிற மாதிரித்தான் கிடத்துவார். பக்கவாட்டில் சாம்பலை அணைத்து, மேலே சாக்குப் போட்டு, கடைசியில் கையால் ஒரு தட்டுத் தட்டுவார். அவருடைய மனைவி லூர்த்தம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

“உந்த இரும்பைப் போத்துற மாதிரி என்னை ஒருநாள் போத்தியிருப்பியளே?”

“நீ வெடிக்கிற சாமான் இல்லையே.”

“நான் வெடிச்சால் உங்கடை சாம்பல் காணாது.”

இவர்களுக்கு றொசாந்தி என்று ஒரே மகள். அவளைக் கட்டியவன் ஜஸ்ரின். கடலுக்குப் போனவன். வலை அறுந்தது, பிறகு வள்ளமும் போனது. கடலில் இருந்த பிடிப்பும் போன பிறகு மாமனாரின் பட்டறைக்கு வந்து நின்றான். கிறகோரிக்கு அவனில் பட்சம் இருந்தது. ஆனால் பட்சத்தையும் ஏச்சாகத்தான் காட்டத் தெரியும். ஒருநாள் கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, ஒட்டிக்கொண்டிருந்த ஜஸ்ரினின் கையிலிருந்து வெல்டிங் பிடியைப் பறித்தார். “விடு, விடு. மீன் வெட்டின கைக்கு உது சரிவராது” என்றார். ஜஸ்ரின் முகமூடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனவன் பிறகு அந்தப் படலையைத் திறக்கவில்லை. புத்தூர் வெட்டையில் அருளம்பலத்தாரின் கல்லுடைக்கிற மெசினில் வேலைக்குச் சேர்ந்தான். பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் கிறகோரிதான் அவன் வீட்டுக்குப் போகவேண்டும். போவார். வாசலில் இருந்துவிட்டு வருவார்.

கல்லுடைக்கிற மெசின் என்பது பெரிய வாய். இரண்டு பக்கமும் பல்லுப் பல்லாக வார்த்த கனத்த தகடுகள். ஒன்று அசையாமல் நிற்கும். மற்றது முன்னும் பின்னும் வந்து கடிக்கும். மேலே கொட்டுகிற கல் கீழே இறங்க இறங்க நொறுங்கிச் சல்லியாக விழும். பெரிய கல் வாயில் குறுக்கே சிக்கினால், மேல்தட்டில் நிற்கிறவன் குனிந்து அலவாங்கால் நெம்பிவிட வேண்டும். அந்த இடத்தில்தான் ஜஸ்ரின் நின்றான். மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு, தலை முழுக்க வெள்ளைத் தூசியோடு, வீட்டுக்குப் போனால் பிள்ளைக்கே அடையாளம் தெரியாது.

ஒருநாள் காலமை அருளம்பலத்தார் லொறியோடு பட்டறைக்கு வந்தார். லொறியில் ஒரு தாடைத் தகடு. நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். அதன் கீழ்ப்பக்கத்துப் பல்லெல்லாம் கிழவன் பல்லுப் போல மழுங்கிக் கிடந்தது.

“பாருங்கோ கிறகோரியார். திறமான சாமானெண்டு சொல்லி வித்தவங்கள். ஒரு போகம் தாங்கேல்லை. புதுசுக்குச் சொல்லியிருக்கிறன், கப்பலிலை கிடக்காம். மாரிக்கு முன்னம் றோட்டுக்காரருக்குச் சல்லி குடுக்கவேணும். உதைக் கொஞ்சம் ஒட்டி உயத்தித் தாங்கோ.”

கிறகோரி தகட்டைச் சுற்றி நடந்தார். மேற்தோல் பொருக்குப் பொருக்காக இருந்தது. வார்த்தெடுத்த சாமான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. வார்ப்பு என்றால் வார்ப்புத்தானே. அவருக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டு விஷயம் மட்டும் கொஞ்சம் இடறின. மேசையில் கிடந்த காந்தத்தைத் தூக்கித் தகட்டில் வைத்தார். அது ஒட்டாமல் வழுகிக் காலடியில் விழுந்தது. பிறகு பல்லொன்றில் இருந்த சின்ன வெடிப்பு மேலே ஓடாமல் இருக்க அதன் நுனியில் துளை போடப் பார்த்தார். துளைக்கிற பிட் கொஞ்சம் கடித்தது, பிறகு வழுக்கத் தொடங்கியது. அழுத்த அழுத்தத் தகடு இறுகிக்கொண்டே போனது. பிட்டின் மூக்குத்தான் கருகியது.

“பிடிவாதக்கார இரும்பு” என்றார் கிறகோரி.

“உங்கடை சொந்தக்காரனாக்கும்” என்றாள் லூர்த்தம்மா.

அவர் சிரித்தார். அதற்கு மேல் அதைப்பற்றி நினைக்கவில்லை. தன் வழக்கம் எதுவோ அதையே செய்தார். வழக்கத்தைவிடக் கவனமாகவும் செய்தார், ஏனென்றால் அந்தத் தகட்டுக்கு மேலே நிற்கப்போகிறவன் தன் மருமகன். முற்றத்தில் கிடங்கு வெட்டிக் கரி மூட்டி, தகடு முழுவதும் சிவந்து மினுங்கும்வரை ஊதினார். பல்லுப் பல்லாக உயர்த்தி ஒட்டினார். சங்கிலியில் தூக்கிச் சாம்பலுக்குள் இறக்கினார். காணாது என்று புதிதாக இன்னும் இரண்டு சாக்குச் சாம்பல் வாங்கிவந்து கொட்டினார். ஒரு முழு நாள் அது சூடு விடாமல் கிடந்தது. வெளியே எடுத்துப் பார்த்தபோது ஒரு கீறல் இல்லை. ஜஸ்ரினுக்குச் சொல்லத் தெரியாத நல்ல வார்த்தையெல்லாம் அந்தத் தகட்டில் ஒட்டியிருந்ததாக மனிதனுக்கு ஒரு திருப்தி. அன்றைக்கு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

தகட்டைப் பூட்டினார்கள். மெசின் ஓடியது. நன்றாகவே ஓடியது. அருளம்பலத்தார் போன் எடுத்துப் புகழ்ந்தார். மற்றப் பக்கத்துத் தகட்டையும் அனுப்பப்போவதாகச் சொன்னார்.

அந்த இரண்டாவது வேலைக்கு வெல்டிங் கூர்க் கம்பி காணாது என்று கிறகோரி கொழும்புக்குப் போன் எடுத்தார். லூர்த்தம்மாவின் தம்பி லியோன் அங்கே இப்படிப்பட்ட மெசின்களுக்கு உதிரிப்பாகம் விற்கிற கடையில் நெடுங்காலமாக நிற்கிறான். போனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்துவிட்டுக் கதைத்தார்.

“என்ன இரும்புக்கு அத்தான்?” என்று கேட்டான் லியோன்.

“வார்ப்பு. கல்லுடைக்கிற மெசின்ரை தாடை.”

“தாடையோ? காந்தம் பிடிச்சதே?”

“இல்லை.”

“பிட் இறங்கினதே?”

“எங்கை இறங்கினது, மூக்குக் கருகிப்போச்சு. உதெல்லாம் ஏன் கேக்கிறாய்? ஒண்டு ஒட்டிக் குடுத்திட்டன். வடிவாக் காய்ச்சி, ஒட்டி, சாம்பலுக்குள்ளை தாட்டு எடுத்தனான். சோக்கா ஓடுது.”

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து கிறகோரி அதைத் தூக்கித் தட்டினார்.

“அத்தான்,” என்றான் லியோன். “அதைக் காய்ச்சக் கூடாது. கொஞ்சமா ஒட்டித் தண்ணி ஊத்தவேணும். கை வைக்கிற சூட்டுக்கு வந்தாப்போலைதான் மற்றது.”

“சுடுற இரும்புக்குத் தண்ணியோ? உனக்கென்ன விசரே?”

“மற்ற இரும்பெண்டால் விசர்தான். உது மங்கனீஸ் இரும்பு. வாத்த பிறகு திருப்பிச் செந்தணலாக் காய்ச்சி, அப்பிடியே தண்ணித் தொட்டிக்குள்ளை போடுவாங்கள். சட்டெண்டு குளிந்தால்தான் உள்ளுக்கு இளக்கமா நிக்கும். பிறகு கல்லு அடிக்க அடிக்க மேற்தோல் மட்டும் இறுகும், உள்ளுக்கு வளைஞ்சு குடுக்கும். அதுதான் அதின்ரை குணம். நீங்கள் மெல்ல ஆற விட்டதிலை உள்முழுக்கக் கண்ணாடியாப் போயிருக்கும்.”

“பொய் சொல்லாதை. அப்ப அருளம்பலத்தாரின்ரை தகடு ஏன் கெதியாத் தேஞ்சது? அடி வாங்கிக்கொண்டுதானே கிடந்தது?”

“என்ன கல்லுப் போடுறவர்?”

“வன்னிக் கருங்கல்லு. அதோடை இஞ்சத்தை வெள்ளைக்கல்லு, ஊரிச் சிப்பி, மண் எல்லாத்தையும் அள்ளிக் கொட்டுறவர்.”

“அதுதான். கருங்கல்லு மட்டுமெண்டால் நல்ல அடி விழும், இறுகும், கனகாலம் நிக்கும். மண்ணும் ஊரியும் அடிக்காது, உரஞ்சும். அடி இல்லாமல் உரஞ்சினால் உது இறுகாமலே தேஞ்சுபோம். சாமானிலை பிழையில்லை அத்தான்.”

லூர்த்தம்மா மீன் வெட்டுகிற இடத்திலிருந்து குரல் கொடுத்தாள். “அடி விழுந்தால்தான் இறுகுமாமோ? பொம்பிளையளைப் பாத்துப் படிச்ச இரும்போ உது?”

லியோன் சிரிக்கவில்லை. கிறகோரி கேட்டார்: “அப்ப இப்ப ஓடுதே?”

“ஓடும். பெலத்த அடி ஒண்டு விழுமட்டும் ஓடும்.”

லூர்த்தம்மா கத்தியை வைத்துவிட்டு எழும்பி வந்தாள். கிறகோரி அந்த நேரம் புத்தூருக்குப் போக மேலுக்குப் போடுகிற சேட்டைத் தேடிக்கொண்டிருந்தார். சேட்டு அவர் தோளில்தான் கிடந்தது.

புத்தூர் வெட்டையில் அருளம்பலத்தார் குடையைப் பிடித்துக்கொண்டு குவிந்து கிடந்த சல்லிக் கும்பிக்குப் பக்கத்தில் நின்றார். மூத்த மகன் கீர்த்திகன் மெசினைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிறகோரி வந்த வேகத்தில் மெசினை நிற்பாட்டச் சொன்னார். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கையை ஆட்டினார். கீர்த்திகனும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினான்.

அவர்களைக் கொட்டிலுக்குள் கூட்டிப்போய்ச் சொன்னார். தகடு பழுது, தான்தான் பழுதாக்கியது, கழற்றிவிடுங்கள் என்றார். அருளம்பலத்தார் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவரென்றால் கிறகோரிக்குச் சண்டை பிடிக்கவாவது சுகமாக இருந்திருக்கும்.

“கிறகோரியார், நீங்கள் ஒட்டினது கொம்பனித் தகட்டை விடத் திறமாக் கிடக்கு.”

“இப்ப கிடக்கும். பெலத்த அடி விழுந்தால் வெடிக்கும்.”

“ஆர் சொன்னது?”

“கொழும்பிலை என்ரை மச்சான். உந்தச் சாமான் விக்கிற கடையிலை நிக்கிறவன்.”

கீர்த்திகன் சிரித்தான். “விக்கிற கடைக்காரன் பழசு பழுதெண்டுதான் சொல்லுவான் அண்ணை. அவனுக்குப் புதுசு விக்கவேணும்.”

“தம்பி, கழட்டி வை. ஒரு சுத்தியலைத் தா. அடிச்சுக் காட்டுறன், பொல பொலவெண்டு போம்.”

“நல்லா ஓடுற தகட்டைக் கழட்டி, நீங்கள் அடிச்சு உடைக்கிறதைப் பாக்கச் சொல்லுறியளோ?” என்றார் அருளம்பலத்தார். “உங்களுக்கு வயசு போகுது. வெயிலுக்கை வந்த களை. ஒரு சோடா குடியுங்கோ.”

சோடா வந்தது. கிறகோரி குடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கத் தன் வேலையைப் பற்றி ஒருவரும் குறை சொல்லக் கூடாது என்று வளர்த்துவைத்த பேர் இப்போது அவருடைய வாயை அடைத்துப் பிடித்தது. உன் வேலை பழுது என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் ஏசியிருப்பார். என் வேலை பழுது என்று அவர் சொல்ல, எல்லோரும் அவரைத் தேற்றினார்கள்.

மத்தியானம் மெசினை நிற்பாட்டிச் சாப்பிட இருந்தபோது ஜஸ்ரினிடம் போனார். அவன் சோற்றுப் பார்சலை மடியில் விரித்திருந்தான். மாமனாரைக் கண்டதும் கையை நிற்பாட்டினான்.

“தம்பி, அந்த வாயிலை நிக்காதை. வேறை வேலை கேள். சல்லி அள்ளு, லொறியிலை போ. அந்தத் தகடு வெடிக்கும்.”

“உங்கடை ஒட்டோ வெடிக்கும்?”

“ஓம்.”

ஜஸ்ரின் அவரை ஏற இறங்கப் பார்த்தான். “எத்தினை வருசமா உங்கடை ஒட்டு வெடிக்காதெண்டு ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சியள். இப்ப நான் நிக்கிற இடத்திலை மட்டும் வெடிக்குமோ? மாமா, எனக்கு விளங்கும். திருப்பி உங்கடை கடைக்கு என்னை இழுக்கிறதுக்குத்தானே இந்தக் கதை? அண்டைக்குக் கையிலை இருந்து பறிச்சியள். இண்டைக்கு இதையும் பறிக்க வந்திட்டியள்.”

“அது வேறை, இது வேறை.”

“எனக்கு எல்லாம் ஒண்டுதான்.”

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கிறகோரிக்கு அந்தச் சொல் வாயில் வந்து பழக்கமில்லை. “மடையா” என்றார். ஜஸ்ரின் சோற்றை மடித்துக்கொண்டு எழும்பிப் போனான்.

மகளிடம் போனார். றொசாந்தி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு கேட்டாள். “அப்பா, உங்கடை வேலை ஒருநாளும் வெடிச்சதில்லையே. ஏன் சும்மா மனசைப் போட்டு உழட்டுறியள்?”

“நீயாவது அவனுக்குச் சொல்லு பிள்ளை.”

“சொன்னால் ‘உன்ரை கொப்பர் சொல்லித் தந்தவரோ’ எண்டு கேப்பார். உங்கள் ரண்டு பேருக்கும் நடுவிலை நான் எத்தினை தரம் நிக்கிறது?” ஆனாலும் அன்றைக்குச் சொன்னாள். அவள் நினைத்த பதில்தான் வந்தது. இரண்டு நாள் வீட்டில் ஒருவரோடு ஒருவர் கதைக்கவுமில்லை.

அதற்கடுத்த நாள் கிறகோரி தன்னுடைய வெல்டிங் முகமூடியையும் தோல் ஏப்ரனையும் உரப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் புத்தூருக்குப் போனார். லூர்த்தம்மா படலைவரை வந்தாள்.

“உதைப் போட்டுக்கொண்டு அவன் நிப்பானெண்டு நினைக்கிறியளே? வேகிற வெயிலுக்கை?”

“பின்னை நான் என்னத்தைக் கொண்டுபோக?”

லூர்த்தம்மா உரப்பையின் வாயைக் கயிற்றால் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

மேல்தட்டின் ஏணியில் பாதி ஏறி நின்று அதை ஜஸ்ரினிடம் நீட்டினார். கீழே நின்றவர்களுக்குப் பகிடி தாங்கவில்லை.

“எடேய் ஜஸ்ரின், மாமா மிச்சச் சீதனம் கொண்டு வந்திருக்கிறார்!”

“போட்டுப் பார் மச்சான், அடுத்த கலியாணத்துக்கு உதவும்!”

ஜஸ்ரின் அதை வாங்கினான். கீழே எறியவில்லை. அவ்வளவு மரியாதை அவனுக்கு இருந்தது. பக்கத்துக் கம்பியில் கொளுவிவிட்டு வேலையைப் பார்த்தான். முகமூடி அங்கேயே தொங்கிக்கொண்டு தூசி பிடித்தது.

அதற்குப் பிறகு கிறகோரி பட்டறையைத் திறக்கவில்லை. விடிந்தால் புத்தூர் பஸ். தகரக் கொட்டிலுக்கு வெளியே ஒரு வெறும் தார்ப் பீப்பாவில் குந்தியிருந்து மெசினைக் கேட்டுக்கொண்டிருப்பார். கடிக்கிற சத்தம், கல் நொறுங்குகிற சத்தம், கல் இல்லாமல் வெறுவாயைச் சப்புகிற சத்தம். ஒவ்வொன்றையும் காது பிரித்து எடுத்தது. எது வெடிப்பின் சத்தம் என்று அவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட இரும்பு வெடித்து அவர் கேட்டதில்லை. பெரிய கல் விழுகிற நேரமெல்லாம் எழும்பி நின்றார். பிறகு இருந்தார். வேலைக்காரர் முதலில் பகிடி பண்ணினார்கள். பிறகு மறந்துபோனார்கள். கீர்த்திகன் மட்டும் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பான். கிறகோரி ஒவ்வொரு தரமும் அவனிடம் கேட்பார், “கப்பல் வந்திட்டுதே?” அவன் ஒவ்வொரு தரமும் “வருமாம் அண்ணை” என்பான்.

ஒருநாள் ரிப்பர் லொறி கொட்டிய கல்லோடு, கல் அள்ளுகிற பெக்கோ மெசினின் வாளிப் பல்லு ஒன்று கழன்று வந்திருந்தது. ஒரு சாணுக்குக் குறையாத உருக்குத் துண்டு. கற்களுக்குள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அது வாயில் இறங்கிக் குறுக்கே நின்றது. மெசின் உறுமியது. கல்தான் சிக்கிவிட்டது என்று ஜஸ்ரின் அலவாங்கை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

கிறகோரி பீப்பாவிலிருந்து எழும்பினார். “விடடா!” என்று கத்தினார். அந்தச் சத்தம் அவருக்கே கேட்கவில்லை.

நல்ல தகடாக இருந்திருந்தால் அந்தப் பல்லுக்குக் கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கும், ஒரு பள்ளம் விழுந்திருக்கும், மெசின் இறுகி நின்றிருக்கும். இது வெடித்தது. பீங்கான் உடைகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கீழ்ப்பக்கம் அப்படியே பிளந்து, ஒரு துண்டு கடிபட்டு மேலே பறந்தது. ஜஸ்ரினின் வலது தோளுக்குக் கீழே அடித்தது. அலவாங்கு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். முகமூடியும் ஏப்ரனும் போட்டிருந்தாலும் அந்தக் கையைக் காத்திருக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிறகோரியும் ஓடினார். அவர் ஏறுவதற்குள் வான் வண்டி போய்விட்டது. திரும்பி வரும்போது காலடியில் அந்தத் துண்டு கிடந்தது. அதன் உடைந்த பக்கம் கற்கண்டு உடைந்த மாதிரிப் பொடிப்பொடியாக மினுங்கியது. அவர் உமிச் சாம்பலுக்குள் அவ்வளவு பத்திரமாகக் கிடத்தி எடுத்தது அதைத்தான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்குத்தர்மார் முயன்று பார்த்தார்கள். கையை முழங்கைக்கு மேலே எடுக்கவேண்டி வந்தது.

அருளம்பலத்தார் பழங்களும் ஹோர்லிக்சும் கொண்டு வந்தார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தார். பெக்கோப் பல்லை எடுத்துவைத்திருக்கிறாராம், பெக்கோக்காரனைச் சும்மா விடப்போவதில்லையாம்.

“முதலாளி, பல்லு எத்தினை மெசினுக்குள்ளை போகுது? தகடு வெடிக்கிறதில்லை. உது நான் பழுதாக்கினது.”

“கிறகோரியார், நீங்கள் முதலே சொன்னனீங்கள். உங்கடை வாக்கு அப்பிடியே பலிச்சுப்போச்சு. நாங்கள்தான் கேக்கேல்லை.”

“வாக்கில்லை ஐயா! வாக்கில்லை! நான் பிழையா ஒட்டினது!”

வாட்டில் கிடந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். அருளம்பலத்தார் அவருடைய தோளைத் தடவினார். “கவலையிலை கதைக்கிறியள். போய்ப் படுங்கோ” என்றார்.

றொசாந்தி மட்டும் தகப்பனை நம்பினாள் என்று அவள் இருந்த விதத்திலேயே கிறகோரிக்குத் தெரிந்தது. அவள் கட்டிலின் அந்தப் பக்கம் இருந்தாள். அவர் இந்தப் பக்கம் வந்தால் எழும்பிப் போத்தலில் தண்ணீர் எடுக்கப் போனாள்.

ஜஸ்ரின் கண் திறந்த பிறகு கிறகோரி அவனிடம் சொல்ல வந்ததைச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். காந்தம் ஒட்டாதது, பிட் கருகியது, தண்ணீர் ஊற்றவேண்டியது. கடைசியில் “என்னை மன்னிச்சுக்கொள் தம்பி” என்றும் சொன்னார். அந்தச் சொல் இப்போது சுலபமாக வந்தது. இப்போது அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஜஸ்ரின் கட்டுப் போட்ட தோளைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். “நீங்கள் சொன்னனீங்கள்தானே மாமா” என்றான். பிறகு, “நான்தான் உங்களிலை கோவத்திலை நிண்டனான்” என்றான். அவன் ஏசியிருந்தால் கிறகோரி வீட்டுக்கு நடந்து போயிருப்பார். இது ஏச்சில்லை. பார்க்க வந்தவர்கள் போகிற நேரம் முடிந்த பிறகும் அவர் அங்கேயே இருந்தார். பக்கத்துக் கட்டில்காரன் பிடித்து எழுப்பிவிட்டான்.

சில நாளுக்குப் பிறகு கீர்த்திகன் லொறியோடு குருநகருக்கு வந்தான். லொறியில் உடைந்த தகட்டின் துண்டுகள் எல்லாம் இருந்தன. அவன் படலைக்கு வெளியே நின்று கதைத்தான். உள்ளே வர வெட்கம்.

“அப்பாதான் அனுப்பி விட்டவர் அண்ணை. கப்பல் இன்னும் இல்லையாம். றோட்டுக்காரர் நெருக்கினம். நாப்பது குடும்பம் வேலையில்லாமல் நிக்குது. இதைத் துண்டு பொருத்தி ஒட்டித் தந்தால் கப்பல் வருமட்டும் சமாளிக்கலாமாம். நீங்கள் ஒட்டினால் நிக்குமெண்டு சொல்லுறார்.”

“அந்தப் பொடியன்ரை கையை எடுத்தது எதெண்டு தெரியுமே உன்ரை அப்பருக்கு?”

“பெக்கோப் பல்லு எண்டுதான்...”

“கொண்டுபோ. உதை ஒருத்தராலும் ஒட்ட ஏலாது. பழைய இரும்புக்குப் போடு.”

கீர்த்திகன் தலையைச் சொறிந்தான். “நீங்கள் ஏலாதெண்டால் சுன்னாகத்திலை ஒருத்தரிட்டைக் கொண்டுபோகச் சொன்னவர். வார்ப்பு ஒட்டுறவராம். உங்களிட்டைப் பழகினவராம். அவரும் காய்ச்சி ஒட்டிச் சாம்பலுக்குள்ளை தாட்டு எடுக்கிறவராம்.”

கிறகோரி லொறியைப் பார்த்தார். சுன்னாகத்துக்காரனை அவருக்குத் தெரியும். நல்ல வேலைக்காரன். அவனுக்குப் போன் எடுத்துச் சுடுகிற இரும்புக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிச் சொன்னால் என்ன சொல்வான் என்றும் தெரியும். தான் லியோனுக்குச் சொன்னதைத்தான் சொல்வான். அந்த மேல்தட்டில் இனி யாரை நிறுத்தப்போகிறார்கள் என்று கேட்க வாய் வந்தது.

“இறக்கு” என்றார்.

“ஒட்டித் தருவியளே அண்ணை?”

“இறக்கு எண்டு சொன்னனான்.”

துண்டுகளை முற்றத்தில் இறக்கிவிட்டு லொறி போனது. லூர்த்தம்மா சீலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

“ஒட்டப்போறியளே?”

“இல்லை.”

“பின்னை ஏன் வாங்கி வைச்சனீங்கள்?”

“இஞ்சை கிடந்தால் வேறை ஒருத்தனிட்டையும் போகாது.”

“கேட்டால்?”

“நாளைக்கு எண்டு சொல்லுறது.”

வாழ்நாளில் ஒருவரையும் நாளைக்கு வா என்று சொல்லி அலையவிடாத மனிதன். அருளம்பலத்தார் போன் எடுத்தபோது நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். பொய் சொல்லத் தெரியாத குரல் என்பதால் மூன்றாவது தரம் லூர்த்தம்மா போனை வாங்கினாள்.

“அவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார் ஐயா. கை வேலையா நிக்கிறார், கதைக்க ஏலாது. ஓம், ஓம், வடிவாத்தான் வருது.”

கிறகோரி கதிரையில் இருந்தார். கையில் ஒன்றுமில்லை. அவள் அந்தப் பக்கத்துக் கதையைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

“என்னவாம்?”

“ஒட்டின மட்டும் காணுமாம், மிச்சத்தைச் சுன்னாகத்திலை ஒட்டுவிக்கலாமாம். பின்னேரம் லொறி வருதாம்.”

அவர் எழும்பிப் போய்ப் படலையைச் சாத்திச் சங்கிலி போட்டார். லொறிக்காரன் வந்து ஹோர்ன் அடித்தால் திறக்கத்தான் வேண்டும். ஆனாலும் சங்கிலியை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.